கொஞ்சம் ஈரம்

என் அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் என் கைப்பை. நீங்கள் விசாரிக்க வந்ததால் இன்று அதைக் கீழே வைத்திருக்கிறேன். உட்காருங்கள், சொல்கிறேன்.

கப்பல் தரகு என்பது வாயால் செய்கிற வேலை. கப்பல் முதலாளியும் சரக்குக்காரரும் நேரில் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் சொல்வதை இவரிடம், இவர் சொல்வதை அவரிடம் என்று நடுவில் நான். வாடகையில் நூற்றுக்கு ஒன்றேகால் எனக்குக் கமிஷன். அதுவும் கப்பல் சரக்கோடு கிளம்பினால்தான். குறித்த தேதி தவறினால் சரக்குக்காரர் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடலாம்.

அந்தத் தேதி நெருங்கும்போதுதான் கேப்டன் அழைத்தார்.

"அக்கா, சரக்கறை மூடியோட ரப்பரெல்லாம் பிஞ்சு கிடக்கு. அலை அடிச்சா தண்ணி நேரா உள்ளதான். ஒரு வாரம் நின்னு மாத்தியே ஆகணும். முதலாளி என் போனை எடுக்கவே மாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பார்."

முதலாளியிடம் சொன்னேன். "மூடியில கொஞ்சம் ஈரமாம்" என்றேன்.

"கப்பல்னா நனையாம இருக்குமா? துடைச்சுட்டுக் கிளம்பச் சொல்லும்மா" என்று சிரித்தார்.

கேப்டனிடம், "எல்லாத்தையும் சொல்லிட்டேன் தம்பி. தெரிஞ்சுதான் கிளம்பச் சொல்றார்" என்றேன்.

"நீங்களே சொல்லிட்டீங்கன்னா சரிதான்க்கா."

நடுக்கடலில் கப்பல் மூழ்கியது. அதில் பதினெட்டுப் பேர். ஒருவரும் கிடைக்கவில்லை.

கமிஷனுக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். அந்தப் பணத்தை நான் தொடவே இல்லை. ஒப்பந்தம் முறிந்திருந்தால் இரண்டு பேரும் வக்கீலை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் சண்டை போட்டிருப்பார்கள். அப்புறம் இந்த போன் எதற்காக அடிக்கும்? வீட்டு போன் இணைப்பை எப்போதோ நானே துண்டித்துவிட்டேன், யாரும் அழைக்காததால். நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லைக் கொஞ்சம் தணித்தேன், அவ்வளவுதான்.

கப்பல் மூழ்கிய பிறகு மூச்சுவிட நேரமில்லை. முதலாளி, சரக்குக்காரர், காப்பீட்டுக்காரர் என்று மாறி மாறி அழைத்தார்கள். பிறகு அவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். கேப்டனின் மனைவி மட்டும் ஞாயிறுதோறும் அழைக்கிறாள்.

"அக்கா, அவர் கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"உன்னைப் பத்தித்தான்மா பேசிட்டே இருந்தார்" என்பேன். வாரம் ஒன்றாகச் சொல்கிறேன். அழுவாள், சிரிப்பாள், 'சாப்பிட்டீங்களாக்கா' என்று கேட்பாள்.

நாளை ஞாயிறு. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், திங்கட்கிழமை வந்து அழைத்துப் போங்கள். நாளை நான் போனை எடுக்காவிட்டால், பாவம், அவள் ஏமாந்துபோவாள்.