மூன்றாம் தட்டின் கடைசிப் பக்கம்

ரெக்கார்டைப் படுக்க வைக்கக் கூடாது, சார். அந்த மேஜைமேல் கிடக்கிறதே, அதை முதலில் சுவரோடு நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பாலக்காட்டு வெயிலில் கோணிப்போனால் பிறகு ஊசி நிற்காது.

கல்பாத்தியில் தர்மாம்பாள் என்றால் தெரியாதவர் இல்லை. பாட்டு ரெக்கார்டு எல்லோரும் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது கதை வசனம் மட்டும். ஒரு படத்தின் பேச்சு முழுவதும் தட்டில் இருக்கும். கதை என்றால் எனக்கு இரண்டு பேர் பேச வேண்டும். வீட்டில் பேச ஆளில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

யாராவது காலமாகி, காரியம் முடிந்து, சாமான்களை ஒழிக்கிற வீடுகளில்தான் நல்ல ரெக்கார்டு கிடைக்கும். கேட்டுக்கொண்டு போவேன். இதில் என்ன தவறு?

ஒரு செட்டில் மூன்று தட்டு. என்னிடம் இரண்டு. ஓடிப்போன புருஷன் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். இரண்டாம் தட்டு அங்கே முடிகிறது. அவள் திறந்தாளா இல்லையா என்று தெரியாமலேயே எனக்கு வயதாகிவிட்டது.

மூன்றாவது வடகரப்பதி ஈஸ்வரமூர்த்தியிடம் இருந்தது. ஒரு காலத்தில் கல்யாணங்களுக்கு மைக் செட் போட்டவர். கடலை தின்ற கையோடு தட்டைத் தொடுகிறவர். விற்கவும் மாட்டார், இரவல் தரவும் மாட்டார். நான் போகும்போதெல்லாம் அதைப் போடுவார். அவள் வாய் திறக்கப்போகிற நேரம் பார்த்து ஊசியைத் தூக்கிவிடுவார்.

“ஏனுங்கம்மா, மிச்சத்த எம்பட கருமாதிக்கு வந்து கேட்டுக்குங்க. எழவூட்டுக்குத்தான் உங்களுக்கு வழி நல்லாத் தெரியுமே.”

அவர் மனைவி ராமாத்தாளும் சிரித்தாள். நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகப் போன அன்று ராமாத்தாள் தோட்டத்தில் இருந்தாள். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைத் தூக்கக் கை நீட்டியவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மாத்திரை டப்பா பிளேயர் இருந்த அதே மேஜையில்தான் இருந்தது. அதைத் துழாவினார். மேஜை ஆடியது. ஊசி துள்ளி ஒரு வசனம் போயிற்று.

டப்பாவை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அம்மா... அதக் குடுங்க...”

“சித்த இருங்கோ. இந்தப் பக்கம் இப்பக் கழிஞ்சுடும்.”

அந்தப் பக்கம் முடிகிறவரை கொடுக்கவில்லை. முடிந்தபோது கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஊசியை எடுத்து வைத்தேன், தட்டைத் துடைத்து உறையில் போட்டேன், பிறகு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். தட்டை எடுத்து வரவில்லை. கருமாதிக்கு என்றுதானே பேச்சு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டப்பா என் பையில். பிறத்தியார் பொருள் எனக்கெதற்கு? கருமாதியன்று அதை ராமாத்தாள் கையில் கொடுத்துவிட்டுத்தான் ரெக்கார்டைக் கேட்டேன். அவள் டப்பாவையே பார்த்தாள்.

“இதக் காணோம்னு ஊடு பூரா பெரட்டிப்போட்டனுங்களே. உங்ககிட்ட எப்பிடீங்க வந்துச்சு?”

நேர்மையாக நடந்துகொண்டதற்கு இதுதான் பலன்.

கொன்றீர்களா என்று கேட்கிறீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர் நடுநடுவே கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில், படத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னது என் காதில் விழவில்லை. அந்த மனஸ்தாபம் எனக்கு அவர்மேல் இன்னும் இருக்கிறது. பிளேயர் என் வீட்டில் இருக்கிறது, யாரையாவது அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். மேஜைமேல் இருக்கிற அந்த மூன்றாம் தட்டைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.