இளங்கோ அண்ணனுக்குப் போன வாழ்த்து

ஹலோ... ஹலோ... யாரு... அண்ணே?...

...ஓ. அண்ணியா. போன்ல அண்ணன் பேரு விழுந்ததும் அவருதான்னு நெனச்சுட்டேன் அண்ணி... ஆமா, சுதேஷ்தான். கண்டியில, ரூம்லதான்... மலை சரிஞ்சப்ப அண்ணனோட அந்த போனும் மண்ணோட போச்சுன்னுல்ல நெனச்சேன்... அன்னிக்கு வீட்டுல சார்ஜ்ல போட்டுட்டா மலைக்கு வேலைக்குப் போனாரு... ம்... ம்... அப்ப இத்தனை நாளும் நீங்கதான் ஒளிச்சு வச்சிருந்தீங்களா...

...வாழ்த்தா? ஆமா, நான்தான்... இல்ல இல்ல, நான் எழுதல. கம்ப்யூட்டருக்கு பைதன் படிக்கிற வகுப்புல, ஃபங்ஷன்னு குட்டி புரோகிராம் எழுதிப் பழகச் சொன்னாங்க. பேரும் மொறையும் குடுத்தா அதுவே வாழ்த்து எழுதி அனுப்பும். 'அன்புள்ள அண்ணா'ன்னு, 'அன்புள்ள மாமா'ன்னு. போன்ல இருந்த எல்லாப் பேரையும் போட்டேன்... தெரியும் அண்ணி, துக்க வீட்டுலேருந்து பொங்க வாழ்த்து போகக்கூடாது. வகுப்புக் கணக்குதானேன்னு...

...யாரு பாத்தா? அம்மாவா?...

...என்னது, பானை வச்சிட்டாங்களா? அண்ணனுக்கு எலையுமா?... ஐயோ, அடுப்ப அணைங்க அண்ணி. லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க என்ன பேசுவாங்க...

...அண்ணனுக்கு ஏன் போச்சுன்னா... துக்க வீடுகளுக்குப் போகக்கூடாதுன்னு 'துக்கம்'னு ஒரு எடம் வச்சேன். ஆமான்னு போட்டா அனுப்பாது. ஒண்ணும் போடாம விட்டா, துக்கம் இல்லன்னு அதுவே எடுத்துக்கும்... அண்ணன் பேருக்கு நேர போட எனக்குக் கை வரல. மண்ணத் தோண்டியும் ஆளே கெடைக்கலயே அண்ணி...

...உங்க பேருக்கா...

...ஆமான்னுதான் போட்டேன்.

...அண்ணி... தப்புதான் அண்ணி... அழாதீங்க... சரி, அம்மாகிட்ட குடுங்க. நானே சொல்றேன். இன்னிக்கே சொல்லிர்றேன். குடுங்க.

...அம்மா... ஆமாம்மா... இல்லம்மா, அண்ணன் எங்கிட்ட பேசல. எங்க இருக்காருன்னும் தெரியாது. அந்த வாழ்த்து கம்ப்யூட்டர் எழுதுனது... அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. செத்துட்டாருன்னு நான் சொல்லல. சொல்லாட்டி, இருக்காருன்னு எடுத்துக்கும். அவ்வளவுதான்...

...ஏன் சொல்லலயா...

...அம்மா... ஏம்மா அதக் கேக்குறீங்க...

...ம்... ம்... இல்ல, கேக்குது. என்ன சத்தம் அது?... பொங்கிருச்சா?... நானா? வேணாம்மா. அது அண்ணன்தான சத்தம் போடுவாரு... அழாதீங்கம்மா... ஸ்பீக்கர்ல போட்டுட்டீங்களா... சரி. சரிம்மா. போடுறேன்...

பொங்கலோ பொங்கல்...

...இன்னும் சத்தமாவா...

பொங்கலோ பொங்கல்.

...கேட்டுச்சா... என்னம்மா?... ஆமா, சாப்பிட வரணும்தான், எலை காத்திருக்கும்தான்... ஏம்மா அந்தப் பேரச் சொல்றீங்க... அம்மா, இது சுதேஷும்மா... இளங்கோ இல்லம்மா. சுதேஷ்... அண்ணி, அம்மாகிட்ட சொல்லுங்க... ஹலோ... நான் சுதேஷும்மா...

ஹலோ...