அட்டை போட்ட புல்வெளி

களை மண்டிய புல்வெளியைக் காசைக் கரியாக்காமலே சரிசெய்யலாம், சார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் கொல்லைப்புறம் முழுக்கக் கோரையும் முள்ளுமாகக் கிடந்தது. கடைகளில் வீசியெறியும் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து, பிரித்து, நனைத்து, களைமேல் பரப்பி மண் போட்டேன். வெளிச்சம் போகாவிட்டால் களை தானாகச் சாகும். வெட்டுக் குத்தெல்லாம் எனக்கு ஆகாது.

அண்ணனுக்கு இதெல்லாம் இளக்காரம். வீடு இருவருக்கும் பொது. கொல்லையில் சிமெண்டு போட்டு அவன் காரை நிறுத்த வேண்டுமாம். "புல்லு புடுங்கறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று அண்ணி முன்னாலேயே சிரிப்பான். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த அட்டையை நனைப்பேன்.

நான் அட்டை பரப்பி முடித்த அன்று, சிமெண்டுக்காரர் மறுநாள் வருவதாக இருந்தது.

அட்டை காற்றில் தூக்காமலிருக்கப் பாரம் வேண்டும். செங்கல்லுக்குத் தண்டச் செலவு எதற்கு? கொல்லையில் தரைக்கடியில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியின் கல்மூடி சும்மாதானே கிடந்தது. அதைப் புரட்டி நகர்த்தி அட்டையின் ஓரத்தில் வைத்தேன். தொட்டி வற்றி வருஷக்கணக்காயிற்று, ஆழம் குறையவில்லை. திறந்து கிடந்தால் அசிங்கமாக இருக்குமே என்று அதன்மேலும் அட்டையை விரித்து மண்ணைத் தூவினேன். பார்வைக்கு எல்லாம் ஒரே மட்டம்.

அளவெடுக்க அண்ணன் நாடாவோடு கொல்லையில் இறங்கினான். நான் சமையலறை ஜன்னலோரம் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். "பாத்துப் போண்ணே" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கத்திப் பேசினால் அவனுக்குப் பிடிக்காது.

விழுந்த பிறகு கூப்பிட்டான். "தம்பி, காலு ஒடஞ்சிருச்சுடா. ஏணியக் கொண்டாடா."

அவன் வாயால் 'தம்பி' என்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அட்டை கிழிந்துபோயிருந்ததே, அதை அப்படியே விடமுடியுமா? மூடியை மறுபடி தொட்டி வாயில் தள்ளி வைத்தேன். மேலே புது அட்டை, மண், விதை. அதன்பிறகு அவன் கூப்பிட்டது சரியாகக் கேட்கவில்லை.

"எங்க போனாரு, ஒங்கிட்டயாவது சொன்னாரா?" என்று அண்ணி அழுதபோது, "வந்துருவாரு அண்ணி, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்று தேற்றினேன். அவங்க அழுகையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பூவாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஆமாம் சார். மூடியை எடுத்ததும் நான்தான், அவன் உள்ளே இருக்கும்போது திரும்ப வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அவன்மேல் கைகூட வைக்கவில்லை.

தோண்டத்தான் வேண்டுமென்றால் உங்கள் ஆட்களை ஓரமாக நடந்துபோகச் சொல்லுங்கள். புல் இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது.