துலேகென் போட்ட சங்கிலி

...ஹாரன் அடிச்சா பாதைக்குக் குறுக்க கட்டுன சங்கிலி தானா கழண்டுடுமா தம்பி? எஞ்சினை நிறுத்துங்க. நானும் விடிஞ்சதுலேருந்து இங்கதான் கெடக்கேன். ஏரி அந்தா, நாணலுக்கு அந்தப் பக்கம். கெண்டை துள்ளுற சத்தம் கேக்குதா? கேக்குதுல்ல! வயிறு எரியுதுய்யா.

எல்லாம் இந்த அல்மாத்தி டவுன் ஆளுங்களால வந்த வினை. நீங்களும் அல்மாத்தியா? சரி சரி, உங்களச் சொல்லல. மீன் புடிக்க வாரானுங்களா, குப்பை கொட்ட வாரானுங்களா? வோட்கா பாட்டில், சோள டப்பா, சிக்குப் புடிச்ச தங்கூசு நரம்பு... சங்கிலிக்கு இந்தப் பக்கம் மட்டுமே மூணு சாக்கு பொறுக்கிருக்கேன். அதுல ஒத்தச் செருப்பு வேற! மத்ததப் போட்டுக்கிட்டு எப்படிய்யா வீடு போய்ச் சேந்தான்?

நெலம் துலேகென் அண்ணனோடது. குதிரை வளக்குறவரு, தங்கமான மனுசன். இருவது வருசமா தூண்டிலோட வந்த ஒருத்தரையும் தடுத்ததில்ல. போன வாரம் அவரு குதிரை ஒண்ணு, பால் குடுக்குற குதிரை, பிளாஸ்டிக் பையை முழுங்கி தொண்டை அடைச்சு... கைய விட்டு இழுத்தாராம். பொழச்சுக்கிச்சு, பொழச்சுக்கிச்சு! நேத்து என்னைக் கடிக்க வந்துச்சுன்னா பாத்துக்கங்க.

"பையைப் போட்டவன் வந்து ஒத்துக்கட்டும், அப்பத்தான் சங்கிலிய அவுப்பேன்"னுட்டாரு. எவன் ஒத்துக்குவான்? மானஸ்தன் எவன் இருக்கான் இந்தக் காலத்துல!

நான் ஒரு தீக்குச்சி போட்டதில்ல தம்பி. மிஞ்சுன ரொட்டியக்கூட தரையில போடமாட்டேன். ரொட்டி மேல கால் பட்டா எங்கம்மா தோலை உரிச்சிருவாங்க... உங்க வீட்லயும் அப்படித்தானே? பையில கட்டி, கரையில மரக்கெளையில மாட்டிட்டு வந்துருவேன். குருவி, காக்கா தின்னுட்டுப் போகுது, புண்ணியம்...

என்ன அப்படிப் பாக்குறீங்க? கெளை உசரந்தான். என் தலை உசரம்.

...குதிரைக்கும் அதே உசரந்தான். ஆமா.

சங்கிலிக் கம்பத்துல ஆணியடிச்சு மாட்டிருக்காரே, குதிரை முழுங்குன அந்தப் பை... படிக்காதீங்க தம்பி! மருந்துக்கடைப் பைதான். என் பொண்டாட்டி வேலை பாக்குற கடை. படிச்சுட்டீங்களா? சரி.

நேத்து சொல்லத்தான் போனேன். குதிரைப்பால் நீட்டுனாரு, குடிச்சுட்டேன். அவரு குதிரைப்பாலை அவரு வீட்லயே குடிச்சுட்டு எப்படிச் சொல்றது? ரெண்டாவது கிண்ணமும் ஊத்துனாரு... அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். ராத்திரி பூரா தூக்கமில்ல.

அய்யய்யோ, அந்தா வாராரு. குதிரையில. தம்பி... நீங்க வெளியூரு, இனிமே இந்தப் பக்கம் வரப்போறீங்களா என்ன... அந்தப் பை உங்களுதுன்னு சொல்லிருங்களேன்?

வண்டிய எதுக்கு எடுக்குறீங்க? இருங்க தம்பி, இருங்க! சும்மா சொன்னேன்யா!

போயிட்டான்.

...துலேகென் அண்ணே! சலாம்! அந்தச் சாட்டைய மட்டும் கொஞ்சம் கீழ வைங்க. சொல்லிர்றேன். அந்தப் பையில ரொட்டி கட்டுனது நான்தான்.