எண்கோட்டில் எந்தப் பக்கம்?

களைப்பிலும் கனிவு குறையாமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, தேர்ச்சி பெற்ற தெம்போடு முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவ மணிகளே, பிள்ளைகள் படிக்கத் தங்கள் தூக்கத்தைத் தொலைத்த தாய்மார்களே, கடைசிப் பேருந்தை எண்ணிக் கைக்கடிகாரத்தைக் கடைக்கண்ணால் பார்க்கும் பெரியோர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வாழ்த்த வேண்டியதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் வாழ்த்தித் தீர்த்துவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியது இந்த ஒலிவாங்கியும் வறண்ட தொண்டையும்தான். என்ன அங்கே, சுருக்கமாகவா? சுருக்கமாகத்தான் தம்பி. எனக்கும் வீடு இருக்கிறது. வீட்டில் உலை வைக்க ஆள் இல்லை.

ஆண்டுக்கணக்காகப் போட்டித் தேர்வுக்கான மாலை வகுப்பில் ஒரே கணக்கை நடத்தி நடத்தி ஓய்ந்தவள் நான். அது என்ன கணக்கு? ஒரு கோடு. கோட்டின் மேல் மூன்று புள்ளிகள். முதல் புள்ளிக்கும் இரண்டாம் புள்ளிக்கும் இடையே எட்டு அலகு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே மூன்று அலகு. முதலுக்கும் மூன்றாவதற்கும் எவ்வளவு தூரம்? இதைச் சொல்ல, தந்திருக்கும் தகவல் போதுமா, போதாதா? விடையைக் கேட்கவில்லை ஐயா. விடைக்கு வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

பதினொன்று என்கிறார் அந்த அம்மா. நல்லது. மூன்றாம் புள்ளி இரண்டாவதைத் தாண்டி நின்றால் பதினொன்று. திரும்பி முதலாவதை நோக்கி நின்றால்? ஐந்து. எந்தப் பக்கம் நிற்கிறது என்று எவராவது சொன்னார்களா? தூரம் தந்தார்கள், திசை தரவில்லை. ஆகவே, போதாது.

உங்களைப் போலவே பதினொன்று என்று உரக்கச் சொன்னவர் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். என் வயதுக்காரர். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. மேற்பார்வையாளர் பதவித் தேர்வுக்காகப் படிக்க வந்தார். பணி முடிந்த கையோடு, ஹெட்செட் அழுத்திய தடம் காதோரம் மாறாமல் வந்து உட்காருவார். வகுப்பே அவரைப் "பதினொண்ணு அக்கா" என்றுதான் கூப்பிட்டது.

"டீச்சர், பக்கம் சொல்லலன்னா நாமளா ஒரு பக்கம் வச்சுக்கக் கூடாதா?" என்பார்.

"கூடாதுங்க. இல்லாதத நீங்களா போட்டு நிரப்புறீங்க."

"வேலையில நாள் பூரா அதத்தான பண்றோம். பாதி அவங்க சொல்லுவாங்க, மீதிய நாங்க நிரப்பிக்குவோம்."

வாரா வாரம் இதே வாக்குவாதம். வாரா வாரம் அதே தவறு. திட்டவும் தெம்பில்லாமல் சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு நண்பகல். நெடுஞ்சாலையிலிருந்து ஒரு பெண்ணின் அழைப்பு அக்காவுக்கு வந்தது. காரை ஓட்டிவந்த கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாய்ந்துவிட்டார். மனைவி அதுவரை அசந்து தூங்கியவர்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"தெரியலியே. டோல்கேட் ஆறு கிலோமீட்டர்னு அவர் சொன்னது அரைத் தூக்கத்துல காதுல விழுந்துச்சு."

"தாண்டி ஆறா, இன்னும் ஆறு போகணுமா?"

"தெரியலங்க."

டோல்கேட்டில் இருந்தது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். நடுவே தடுப்புச் சுவர் ஓடும் சாலை அது. தவறான பக்கம் போனால் திரும்பவே நெடுந்தூரம் போக வேண்டும். மையத்தின் மேற்பார்வையாளரும் மனிதர்தானே, அவரும் தவித்தார். "ஏதோ ஒரு பக்கம் கிளப்பும்மா, நேரம் போகுது" என்றார்.

என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? நானாக இருந்தால் கிளப்பியிருப்பேன். அக்காவுக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டதாம் ஒரு பக்கம். ஆனால் அன்று அவர் நிரப்பவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார்.

"அம்மா, அழாம சுத்தி ஒருதடவ பாருங்க. போர்டு ஏதாச்சும் கண்ணுல படுதா?"

"வயலுதாங்க. தூரத்துல ஒரு விளம்பரப் பலகை. பெட்ரோல் பங்க் பதினாலு கிலோமீட்டர்னு போட்டிருக்கு."

அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் ஒன்றே ஒன்றுதான். டோல்கேட்டுக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. கார் மேற்கே நின்றிருந்தால் பலகையில் இருபத்தாறு இருக்க வேண்டும். பதினான்கு என்றால்? இரண்டுக்கும் நடுவில். கிழக்கே.

"கிழக்க விடுங்க," என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம்.

கைதட்டாதீர்கள், இருங்கள். அந்த மனிதர் பிழைத்தார். இன்று மெல்ல நடமாடுகிறார் என்று கேள்வி. ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மாலையை.

அக்கா வழக்கம்போல் வகுப்புக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. நடந்ததை என்னிடம் சொல்லிவிட்டுச் சொன்னார்: "கடைசியா அந்தம்மா கேட்டாங்க டீச்சர், 'நான் சொன்னது போதுமா, இன்னும் ஏதாச்சும் சொல்லணுமா'ன்னு. 'போதும்மா, வண்டி வருது'ன்னேன். அந்த ஒரு வார்த்தைய சொல்றதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு."

சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்தவர் அப்படியே தூங்கிப்போனார். வகுப்பில் ஒருவரும் எழுப்பவில்லை. நானும் பாடத்தைத் தாழ்ந்த குரலில் நடத்தினேன்.

தேர்வில் என்ன ஆனார் என்கிறீர்களா? தேறவில்லை. எண்கோட்டுக் கணக்கெல்லாம் சரி. இரவுப்பணி முடித்து நேரே வந்து எழுதியவர், பொது அறிவுத் தாளில் கண்ணயர்ந்துவிட்டார். அதனால்தான் இன்று இங்கே மாலை வாங்கும் வரிசையில் அவர் இல்லை. இந்நேரம் எங்கோ அழுகிற எவருக்கோ காது கொடுத்துக்கொண்டிருப்பார். அடுத்த வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

வென்றவர்களே, உங்கள் மேசைக்கும் நாளை அரைகுறைச் சேதிகள் வரும். அவசரப்படுத்துவார்கள், அதட்டுவார்கள், ஆளைப் பார்த்தே முடிவைச் சொல் என்பார்கள். தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எது என்று அப்போது ஒரு கணம் நில்லுங்கள். ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். கேட்டபின் தயங்காதீர்கள். களைத்தவர்களால் முடியாததையா கேட்கிறேன்? களைத்துப்போன ஒருத்திதான் அதைச் செய்து காட்டினாள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், துண்டுச்சீட்டு நீட்டாமல் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும் நன்றி. பார்த்துப் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.