வெற்றியைத் தாங்காத இடிதாங்கி

மேடையில் வீற்றிருக்கும் கேப்டன் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் புருவம் கருகி அமர்ந்திருக்கும் வெல்டர் அண்ணன் அவர்களே, தோற்றும் துக்கம் கேட்க வந்திருக்கும் எதிரணி அன்பர்களே, பட்டறைத் தோழர்களே. ஆழ்ந்த வேதனையோடு ஒரு செய்தியை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பிளாஸ்கில் டீ தீர்ந்துவிட்டது.

அடுத்த துயரத்துக்கு வருகிறேன்.

நம் சண்டை ரோபோக் கழகத்தின் ஒரே பிள்ளை, நொறுக்குத் திலகம் இடிதாங்கி அவர்கள், போன ஞாயிற்றுக்கிழமை போட்டிக் கூண்டுக்குள் தன்னைத்தானே அடித்து, கிழித்து, எரித்து நம்மைவிட்டுப் பிரிந்தார். அன்னாரின் உடல் இதோ இந்த பிளாஸ்டிக் வாளியில் இருக்கிறது. மிச்சம் நடுவர் மேசையில் குத்தி நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தோம், வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒரு வாக்கெடுப்பு உண்டு. அவருக்கு நிரல் எழுதிய என் அக்காவைக் கழகத்திலிருந்து நீக்குவதா, வேண்டாமா? கடைசி வரிசையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். கை தூக்குவதற்கு முன்னால், ரிமோட் பிடித்தவன் என்ற முறையில் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

யார் இந்த இடிதாங்கி? இடி கொடுக்கவே பிறந்தவருக்கு நாம் வைத்த பெயர் அது. முன்னால் ஓர் உருளை, அதில் நான்கு எஃகுப் பற்கள். உருளை சுற்றத் தொடங்கினால் பார்க்கிறவனின் கடைவாய்ப் பல் ஆடும். ஆனால் ஆயுள் கெட்டியில்லை. முதல் சண்டையில் எவனையாவது கடிப்பார், சக்கரம் கழன்று மல்லாந்துவிடுவார். சுவிட்ச்சை அணைத்து, அள்ளிப் போட்டுக்கொண்டு வருவோம். எத்தனை போட்டிகள், எத்தனை வாளிகள்.

அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்? முதல் எதிரியின் வயிற்றைப் பிளந்து வயர்களைக் குடல்போல உருவினார். இரண்டாமவனைத் தூக்கிக் கூண்டின் கூரையில் அறைந்தார். போகும்போது ஒன்றாகப் போனவன் வரும்போது இரண்டாக வந்தான். மூன்றாமவனின் சுத்தியலைப் பிய்த்து அதன்மேலேயே ஏறி மிதித்தார். கேப்டன் அழுதார். வெல்டர் அண்ணன் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்.

இடைவேளையில் அக்கா கேட்டாள்: "ஒரு தடவை அணைச்சுப் போட்டுரலாமா அண்ணே?"

கேப்டன் சொன்ன பதில் உங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. "ஜெயிச்சுட்டிருக்கிற வண்டி. சுவிட்ச்சைத் தொட்டே, கையை உடைச்சுருவேன்."

அங்கேதான் அவருக்குப் பாடை கட்டினோம்.

உருளை எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி வைக்க, அக்கா நிரலில் ஒரு முழு எண்ணுக்கு இடம் விட்டிருந்தாள். சின்ன இடம், பதினாறு பிட். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைதான் கொள்ளும். அதற்குமேல் ஒன்று கூடினால்? மொட்டைமாடியில் ஒரு படி அதிகமாக ஏறியவன் கிணற்றின் அடியில் கண் விழிப்பதுபோல, எண் மைனஸ் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டில் போய் நிற்கும். நிரல் எழுதும் மொழியை உயர்நிலை மொழி என்கிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது அது ஓர் 'ஐயோ'கூடச் சொல்லவில்லை. தப்பான எண்ணைச் சரியான எண்ணைப்போலவே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தது.

ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அந்த எண் பூஜ்யமாகிவிடும். அதனால்தான் இத்தனை நாள் தப்பித்தோம். தோற்கத் தோற்க அணைத்தோம், அணைக்க அணைக்கப் பிழைத்தார். நாம் தோல்வியைச் சோதித்தோம், தீயைச் சோதித்தோம், அவரை மாடியிலிருந்துகூடப் போட்டுப் பார்த்தோம். தொடர்ந்து ஜெயித்தால் என்ன ஆகும் என்று நம்மில் ஒருவராவது சோதித்தோமா? அப்படி ஒரு கெட்ட எண்ணம் நமக்கு வந்ததே இல்லை.

நான்காவது சண்டை. எதிரி மல்லாந்துவிட்டான், நடுவர் கையைத் தூக்கிவிட்டார், நான் விரலை எடுத்துவிட்டேன். அந்த நொடியில் எண் கவிழ்ந்தது. எண் மைனஸ் என்றால் உருளை பின்னால் சுற்றுகிறது, எதிரி மடக்கிப் பிடித்திருக்கிறான், முழு மின்சாரத்தையும் ஊற்றி முன்னால் தள்ளு என்பது நிரலின் கட்டளை. முன்னால் பேயாய்ச் சுற்றிக்கொண்டிருந்த உருளைக்குமேல் முழு மின்சாரமும் பாய்ந்தது. போல்ட்டுகள் தெறித்தன. ஒரு பல் பறந்து நடுவரின் பேனாவுக்குப் பக்கத்தில் இறங்கியது. இன்னொரு பல் இடிதாங்கியின் ஆன்டெனாவையே சீவியது. ரிமோட் செத்தது. மல்லாந்து கிடந்த எதிரியை அறைந்தார், சுவரை அறைந்தார், தன் வயிற்றைத் தானே கிழித்தார். பேட்டரி தீப்பிடித்து ஒரே புகை.

அந்தப் புகைக்குள் முகக்கவசம் போட்ட ஓர் உருவம் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்ததைப் பார்த்தீர்கள். கடப்பாரையை உருளைக்கு அடியில் கொடுத்து, அவரைப் புரட்டிப் போட்டு, எரிகிற பேட்டரியின் பிளக்கைக் கையாலேயே பிடுங்கியது. இல்லாவிட்டால் அடுத்த பல் யார் கழுத்துக்கு? அந்த வீரன் யார் என்று ஒரு வாரமாக நானே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். என் விரலில் இருக்கும் இந்தக் கட்டையும் எல்லாரும் தொட்டுப் பார்த்துவிட்டீர்கள்.

இனி எண்ணுக்குப் பெரிய இடம் கொடுப்போம். அது நிரம்பும்வரை ஓட்டிப் பார்ப்போம். ஜெயித்த வண்டியையும் அணைப்போம். இந்த வாளியின்மேல் ஆணை.

இன்னொரு விஷயம். இது எழுதிவந்த தாளில் இல்லை.

பாய்ந்தது நான் இல்லை. முதல் போல்ட் தெறித்தபோதே நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எழும்போது மடக்கு நாற்காலி விரலை நசுக்கியது. வீட்டுக்கு வந்து அவளிடம், "சொல்லேன்க்கா, நீதான்னு" என்றேன். "நான் எழுதினதுதானே அதைக் கொன்னுச்சு. அதுல பெருமை வேறயா? நீயே வச்சுக்கோடா" என்றாள். நானும் வெட்கமில்லாமல் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தில் யாருமே முழுக்கைச் சட்டை போடாத வெயில் இது. அக்கா, கொஞ்சம் கையை மடித்துக் காட்டு. அதைப் பார்த்துவிட்டு இவர்கள் தங்கள் கையைத் தூக்கட்டும்.