போஸ்ட்மேன் பந்து போடுகிறார்

— அஞ்சு விக்கெட்டு போச்சு மாப்ள. பதினோரு ரன்னு. இது சரியில்ல.

— ஏன் மச்சான்? நீங்கதானே எல்லாரும் அவுட் ஆகணும்னு சொன்னீங்க?

— மெதுவா பேசு! அவுட் ஆகணும்னுதான் சொன்னேன். இப்படி நிறுத்தி வச்ச சைக்கிள் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு விழச் சொன்னேனா? போஸ்ட்மேனுக்கு சந்தேகம் வந்துடும், புரியுதா? பாவம் பாத்து விட்டுக்குடுக்கிறோம்னு மட்டும் தெரிஞ்சுது, பந்தைக் கீழ போட்டுட்டு நேரா வீட்டுக்குப் போயிடுவான். அப்புறம் ஜென்மத்துக்கும் வெளிய வரமாட்டான்.

— அதெல்லாம் சந்தேகம் வராது மச்சான்.

— போன்ல எல்லார்கிட்டயும் என்னதான் சொன்னே?

— ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க, அச்சாபீஸுக்கும் போஸ்டாபீஸுக்கும் மேட்ச்சுன்னு சொன்னேன்.

— அது இருக்கட்டும். விஷயத்தை?

— அங்க பாருங்க, பைண்டர் வர்றார்.

— வாங்க பைண்டர், வாங்க! என்னய்யா அழகு! அவுட் ஆனதும் ஸ்டம்ப்பைத் திரும்பிப் பாத்து ஒரு முழி முழிச்சீங்களே, நானே ஏமாந்துட்டேன்.

— கிண்டலா கேப்டன்? வெளிய போற மாதிரி வந்து உள்ள திரும்புச்சு. நான் என்னத்தைப் பண்றது?

— திரும்புச்சு, திரும்புச்சு. நானும் பாத்தேன்.

— அறுபத்து மூணு வயசுல எனக்கு இது தேவையா? பேத்தியைக் கூட்டிட்டு வந்திருக்கேன். தாத்தா எத்தனை ரன்னுன்னு கேக்குது. முட்டைன்னு எப்படிச் சொல்ல? இந்தாங்க, பேடைப் பிடிங்க. நான் முகம் கழுவணும்.

— பாத்தியா மாப்ள? நம்மகிட்டயே என்னமா நடிக்கிறான்! அந்தக் காலத்துல லீவு லெட்டர்லகூட இவ்வளவு சுத்தமா பொய் சொல்லமாட்டான். அந்தப் பேடை மெஷின்மேனுக்குக் குடு. மூணு ஜோடி பேடை வச்சுக்கிட்டு பதினோரு பேர்.

— அப்பவும் மூணு ஜோடிதான் மச்சான்.

— அப்பவும் பத்தலையே! ஒருத்தன் காலுல கழட்டி இன்னொருத்தன் காலுல மாட்டுறதுக்குள்ள அவன் அடுத்த ஸ்டம்ப்பைப் பறக்க விட்டுடுவான். அந்த வேலியில இருந்து ஓடி வருவான், ஞாபகம் இருக்கா? நாள்பூரா சைக்கிள் மிதிச்ச காலு. சத்தமே கேக்காது. பந்து மட்டும்தான் கேக்கும்.

— திங்கட்கிழமைதான் மச்சான் எனக்கு மறக்கவே மறக்காது.

— அதைச் சொல்லு! ஞாயித்துக்கிழமை நம்ம மானத்தை வாங்கிட்டு, திங்கட்கிழமை காலைல சரியா பத்து மணிக்கு அச்சாபீஸ் வாசல்ல வந்து பெல் அடிப்பான். ‘சார், தபால்’. ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஒரு சிரிப்பு சிரிச்சான்னாகூடத் தேவலை.

— பத்து மணி ஆனாலே மெஷின்மேன் பாத்ரூம் போயிடுவார்.

— புரூஃப் ரீடர் மேஜைக்கு அடியில பென்சில் தேடுவார். நான் ஃபோர்மேன், எங்க ஒளியறது? நான்தான் போய் கையெழுத்து போட்டு வாங்குவேன். மேட்ச் நோட்டீஸையும் நாமளே அடிச்சு, அடியையும் நாமளே வாங்கி... என்ன பொழப்பு மாப்ள அது! ஆனா சொர்க்கம்.

— மச்சான், காலைல டீ குடிக்கும்போது போஸ்ட்மேன் கையைப் பாத்தீங்களா?

— பாத்தேன். பாதி டீ சட்டை மேல. அவன் பொண்ணுதான் துடைச்சு விட்டுச்சு. அது போன் பண்ணினப்போ அழுதுடுச்சு மாப்ள. ‘ரெண்டு மாசமா அப்பா வாசலைத் தாண்டல மாமா. யாராவது கையைப் பாத்துடுவாங்கன்னு பயம். அச்சாபீஸ் மேட்ச் பத்திப் பேசினாத்தான் எழுந்து உக்கார்றார்’னுச்சு. அன்னைக்கே இந்த மேட்ச்சுக்கு நாள் குறிச்சேன்.

— ஆனா பந்தைக் கையில எடுத்ததும் நடுக்கம் நின்னுடுச்சு, கவனிச்சீங்களா?

— இங்க இருந்து பாத்தா உனக்கு அப்படித் தெரியும். ஆறு அடி நடந்து வந்து போடுறான், பாவம். ஆ... போச்சு! மெஷின்மேனும் போயிட்டார். இப்பத்தானேய்யா போனார்! ரெண்டாவது பந்து!

— அடுத்து புரூஃப் ரீடர்.

— புரூஃப் சார், ஒரு நிமிஷம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கங்க, என்ன? அவசரம் வேண்டாம். அழகா பண்ணுங்க.

— எதை கேப்டன்?

— அட, பண்ண வேண்டியதைத்தான். போங்க, போங்க. பாரு மாப்ள, முகத்தை எப்படி வச்சுக்கிறார்! வாயே திறக்கக் கூடாதுன்னு நல்லா மிரட்டி வச்சிருக்கே போல. இதுக்குத்தான் உன்கிட்ட குடுத்தேன். நான் ரகசியம் பேசினா நாலு தெருவுக்குக் கேக்கும்.

— இந்தாங்க மச்சான், உங்க பேடு. அப்புறம், இதையும் போட்டுக்கங்க.

— என்னது இது? பூ ஸ்டிக்கர் ஒட்டின ஹெல்மெட்டா?

— பொண்ணோடது. காலைல அவளே என் பையில போட்டு விட்டா. தாய்மாமனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாளாம்.

— மருமகளுக்கு என் மேல பாசம், சரி. அதுக்காக? டம்ளர் பிடிக்க முடியாதவன் போடுற பந்துக்கு எனக்கு ஹெல்மெட்டா? அவன் வேலியில இருந்து ஓடி வந்தப்பவே வெறும் தலையோட நின்னவன் நான்.

— எங்க நின்னீங்க? முதல் பந்துலயே வந்துட்டீங்களே.

— வர்ற வரைக்கும் நின்னேன்ல? உன்னை மாதிரி நாப்பது நிமிஷம் நிக்க எல்லாராலயும் முடியுமா?

— அதை இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க?

— பின்ன? பத்தொம்பதுக்கு ஆல் அவுட். அதுல பன்னண்டு எக்ஸ்ட்ரா. அந்தப் பக்கம் ஒவ்வொருத்தனா வந்து வந்து போறான். இந்தப் பக்கம் அச்சுக் கோக்கப் புதுசா சேந்த கம்பாசிட்டர், நோஞ்சான், நீ நிக்கிறே. நெஞ்சுல ஒண்ணு, தொடையில ரெண்டு, விரல்ல ஒண்ணு. ரெண்டே ரன்னு. ஆனா அவுட் ஆகல. அன்னைக்குத்தான் எங்கம்மாகிட்ட போய்ச் சொன்னேன். ‘தங்கச்சிக்கு மாப்ள பாத்துட்டேன். சம்பளம் கம்மி, ஆளும் கறுப்பு. ஆனா ஓடமாட்டான்’.

— அவளுக்கு இன்னைக்கும் அந்தக் கோபம் இருக்கு. ‘நல்ல வரன் பாக்கச் சொன்னா எங்கண்ணன் மைதானத்துல இருந்து ஆள் பிடிச்சுட்டு வந்தான்’பா.

— சொல்லுவா, சொல்லுவா. அவளுக்கு என்ன குறை?

— அன்னைக்கு மேட்ச் முடிஞ்சு போஸ்ட்மேன் என்கிட்ட வந்தார் மச்சான். உங்களுக்குத் தெரியாது. என் விரலைப் பிடிச்சு, வீங்கியிருக்கான்னு பாத்துட்டு, தோளைத் தட்டிட்டுப் போயிட்டார்.

— அவன் அப்படித்தான். எங்கப்பா போனப்போ தந்தி கொண்டு வந்தவன் அவன்தானே. குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே அவன் வேலை? சைக்கிளைப் போட்டுட்டு, என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தி, அது கிளம்புற வரைக்கும் ஜன்னல் பக்கத்துலயே நின்னான். அவனுக்கு நான் என்ன செஞ்சேன், சொல்லு. இந்த ஒரு நாள்தான். அவன் கௌரவமா விக்கெட் எடுத்துட்டு, நிம்மதியா வீட்டுக்குப் போகணும். அது கெட்டுடக் கூடாது மாப்ள. அதான் பதறுறேன்.

— கெடாது மச்சான்.

— அய்யோ, ரன் அவுட்! யார் அது, டிரைவரா? ரன் அவுட் ஆனா போஸ்ட்மேன் கணக்குல வராதேய்யா! நீ சொன்னது அவருக்குப் புரியல போலிருக்கு. சரி விடு, ஏழாச்சு. ஆமா, ஒண்ணு கவனிச்சியா? போஸ்ட்மேன் பந்துல இதுவரைக்கும் ஒருத்தன்கூட ஒரு ரன் அடிக்கல. இருபத்திரண்டு ரன்னும் அந்தப் பக்கத்து பவுலர்கிட்ட வந்தது. பயலுங்க அவ்வளவு ஒத்துமையா இருக்காங்க. எனக்கே கண்ணு கலங்குது.

— அதோ, புரூஃப் ரீடரும் போயிட்டார்.

— எட்டு! புரூஃப் சார், கைய குடுங்க! மட்டைக்கும் பேடுக்கும் நடுவுல ஒரு கதவையே திறந்து விட்டீங்களே!

— நான் மூடிட்டேன் கேப்டன். சத்தியமா மூடிட்டேன். எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியல.

— இது நடிப்பு. சரி மாப்ள, நான் கிளம்புறேன். மூணு பந்தைத் தடுத்துட்டு நாலாவது பந்துக்கு ஸ்டம்ப்பைக் காட்டிட்டு வந்துடுறேன். கடைசியா நீ. ரன் அவுட் போக அவனுக்கு ஒன்பது. இன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குவான்.

— மச்சான், நில்லுங்க.

— என்ன? கிளவுஸ் மாறிப் போச்சா?

— நான் யார்கிட்டயும் சொல்லல.

— எதை?

— அவுட் ஆகச் சொல்லி. பைண்டருக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். வாய் வரல மச்சான். எட்டு மணிக்கு மேட்ச்சு, வந்துடுங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அப்புறம் எல்லாருக்கும் அதேதான்.

— டேய்... ஏன்டா?

— அவர் முன்னாடி நாப்பது நிமிஷம் நின்னேன். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் மச்சான். வேலை கிடைச்சது உங்களால. வீடு கிடைச்சது உங்க தங்கச்சியால. அந்த நாப்பது நிமிஷம் மட்டும் நானா சம்பாதிச்சது. இன்னைக்கு அவருக்கு நாமளே விக்கெட்டைத் தூக்கிக் குடுத்தா, அவர் மட்டுமா சின்ன ஆளாவார்?

— அப்ப பைண்டர் முழிச்ச முழி?

— நிஜ முழி.

— மெஷின்மேன்?

— ரெண்டு வாரமா மொட்டை மாடியில பிராக்டிஸ் பண்ணிட்டு வந்தாராம்.

— புரூஃப் ரீடர் மூடினது?

— மூடித்தான் இருந்துச்சு. நானும் பாத்தேன்.

— மாப்ள... அப்ப இந்த ஏழும் அவன் எடுத்ததா?

— அம்பயர் கூப்பிடுறார் மச்சான். போங்க. அவரும் உங்களைத்தான் பாத்துட்டு இருக்கார்.

— பந்தைத் துடைக்கிறான். மாப்ள, அவன் எங்க போறான்? ஆறு அடிதானே நடந்து வந்தான், இப்ப ஏன் பின்னாடி போயிட்டே இருக்கான்?

— வேலிக்குப் போறார்.

— அந்த ஹெல்மெட்டைக் கொண்டா.